முழுப் பென்ஷனுக்கு 35 வருடம் வேண்டுமாம், எனக்கு 14தான் காட்டுகிறது. காசு கட்டலாமா?

மலர்_குரொய்டன் | 2026 ஜனவரி 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நேற்று மகன் என் போனில் எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டன் வரித்துறை) ஆப்பைப் போட்டுத் தந்தான். ஸ்டேட் பென்ஷன் என்ற இடத்தைத் தட்டினால், என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ், அரசுப் பென்ஷனுக்காகக் கட்டுவது) கட்டியது 14 முழு வருடங்கள் என்று வருகிறது. மற்றதெல்லாம் 'முழுமையில்லை' என்று நீளமாகக் கிடக்கிறது. பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை.

எனக்கு 58 வயது. 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். 2000 மே மாதம் மகள், 2004இல் மகன். 2010 வரை எங்கள் கடையில்தான் நின்றேன். காலையில் பேப்பர் கட்டு அவிழ்ப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறக்குவது வரை. சம்பளம் என்று ஒரு பென்ஸ் எழுதியதில்லை, சொந்தக் கடைக்கு என்ன சம்பளம் என்று விட்டுவிட்டோம். 2010இலிருந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. 2021-22இல் அங்கே மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையிலும் போய் நின்றேன். இரண்டு வேலை செய்த அந்த வருடத்தையும் 'முழுமையில்லை' என்கிறது! ஒரு வேலை செய்த வருடமெல்லாம் சரியாம், இரண்டு வேலை செய்த வருடம் பிழையாம்.

கடைக்கு வருகிற ஒருவர், "நாலாயிரம் ஐயாயிரம் கட்டினால் எல்லாம் நிரம்பிவிடும்" என்கிறார். கட்டலாமா?

ஈஸ்ட்ஹாம்_ரவி | ஜனவரி 11, இரவு 10.05

கட்டுங்கள் அக்கா, யோசிக்கவே வேண்டாம். விடுபட்ட ஒரு வருடத்துக்கு கிளாஸ் 3 (நாமாக விரும்பிக் கட்டுகிற என்.ஐ.) 2025-26இல் வாரம் 17.75 பவுண்ட், ஆக 923. அதற்குக் கிடைப்பது முழுப் பென்ஷனில் 35இல் ஒரு பங்கு. முழுப் பென்ஷன் 2025-26இல் வாரத்துக்கு 230.25. பங்கு போட்டால் வாரம் 6.58, வருடத்துக்கு 342 பவுண்ட். மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும், அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும்வரை லாபம். எந்த பேங்க் இப்படித் தரும்?

பழைய_கணக்கன் | ஜனவரி 11, இரவு 11.20

ரவி தம்பியின் கணக்கு சரி, அறிவுரைதான் அவசரம். மலர், இன்னும் ஒரு பென்ஸும் கட்டாதீர்கள். அவ்வளவு காசு கட்டவும் உங்களால் முடியாது. முந்திய ஆறு வருடங்களுக்குத்தான் இப்போது கட்டலாம். 2006 முதல் 2016 வரையான பழைய இடைவெளிகளை நிரப்ப ஒரு சிறப்புச் சலுகை இருந்தது, நாளைத் தள்ளித் தள்ளி 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் காசால் நிரப்பக்கூடியது 2021-22 ஒன்றுதான். கடைக்கு வருகிறவர் சொன்ன ஐயாயிரத்தைக் கட்ட இடமே இல்லை.

அந்த இரண்டு வேலை விஷயம். என்.ஐ.யில் ஒவ்வொரு முதலாளியையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். ஒரு வேலையில் குறைந்தபட்ச வரம்பைத் தொட்டால்தான் அந்த வாரம் கணக்கில் ஏறும். 2021-22இல் வரம்பு வாரம் 120 பவுண்ட், 2025-26இல் 125. ஒன்றில் 95, இன்னொன்றில் 80 வாங்கினால் கூட்டி 175 என்று பார்க்க மாட்டார்கள், இரண்டும் பூஜ்யம். அதே 175ஐ ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் வருடம் முழுதாக ஏறியிருக்கும், உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பென்ஸ் பிடிக்காமலே. பிடித்தம் தொடங்குவது வாரம் 242க்கு மேலேதான் (அந்த வருடம் இன்னும் குறைவு). 125க்கும் 242க்கும் இடையில் சம்பாதிப்பவர் எதுவும் கட்டாமல் கட்டியவராகிறார். சுத்தம் செய்கிற வேலை, பள்ளிக்கூட டின்னர் லேடி வேலை என்று மூன்று இடம் ஓடுகிற நம்முடைய பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது முக்கியமான கேள்வி. பிள்ளைகளுக்கு சைல்ட் பெனிபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் காசு) யாருடைய பெயரில் வந்தது?

மலர்_குரொய்டன் | ஜனவரி 12, காலை 6.15

ஐயா, அது அவருடைய பெயரில். எனக்கு அப்போது பேங்க் அக்கவுண்ட் இல்லை, ஆங்கிலமும் பெரிதாக இல்லை. அவர்தான் படிவம் நிரப்பினார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய_கணக்கன் | ஜனவரி 12, காலை 10.30

நிறையச் சம்பந்தம். பிள்ளை வளர்ப்பவரின் பென்ஷன் அடிபடக் கூடாது என்று 1978இலிருந்து 2010 வரை ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார்கள். எச்.ஆர்.பி. என்பார்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு சைல்ட் பெனிபிட் வாங்கியவருக்கு, வரி வருடம் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) முழுதும் வாங்கியிருந்தால், அந்த வருடம் பாதுகாக்கப்படும். இப்போது அதை முழு வருட வரவாக, அதாவது கட்டாமலே கட்டியதாக, மாற்றித் தருகிறார்கள். 2010க்குப் பிறகு அதுவே 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கான வாராந்த வரவாக மாறிவிட்டது.

உங்கள் வீட்டில் நடந்தது என்ன? கடையை நடத்திய கணவர் எப்படியும் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு இந்த வரவு வேண்டியதே இல்லை. தேவைப்பட்ட உங்களுக்கு வரவில்லை. ஆனால் மாற்றிக்கொள்ளலாம். அந்த வருடங்களில் இருவரும் ஒன்றாக வாழ்ந்து பிள்ளையைச் சேர்ந்து வளர்த்திருந்தால், அவருடைய எச்.ஆர்.பி.யை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். படிவத்தின் பெயர் சி.எஃப்.411.

மகள் மே 2000 என்றீர்கள். முழு வரி வருடம் 2001-02இலிருந்து தொடங்கும், 2009-10 வரை ஒன்பது வருடம். 14ம் 9ம் 23. இனி 67 வயது வரை இதே வேலையில் இருந்தால் 2025-26 முதல் 2033-34 வரை இன்னும் ஒன்பது. 32. 2021-22ஐ 923 பவுண்ட் கொடுத்து வாங்கினால் 33. முழுதுக்கு இரண்டுதான் குறை.

அந்த ஒன்பது வருடத்தின் விலையைப் பாருங்கள். இன்றைய கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்ட், ஆயுள் முழுக்க. செலவு ஒரு தபால்தலை. (2016இல் பென்ஷன் முறை மாறியது. அதற்கு முந்திய வருடங்களைப் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் போட்டுப் பார்த்து எது கூடவோ அதைத் தருவார்கள், அதனால் பென்ஸ் கணக்கு மாறும்.)

ஈஸ்ட்ஹாம்_ரவி | ஜனவரி 12, காலை 10.52

ஐயா, நான் வாயை மூடிக்கொள்கிறேன் 🙏

ஹரோ_சிவா | ஜனவரி 12, மாலை 7.10

மூட வேண்டாம் தம்பி, நான் உங்களைவிட மோசம். எனக்கு 67 வயது. 1981இலிருந்து ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, 2018இல் விட்டேன். நடுவில் அம்மாவைப் பார்க்க இரண்டு வருடம் ஊரில் இருந்தேன். 2023இல் எல்லாரும் ஓடி ஓடிக் கட்டியபோது நானும் அந்த இரண்டு வருடத்துக்கும் 1,600 பவுண்டுக்கு மேல் கட்டினேன். பென்ஷன் ஒரு பென்ஸ் ஏறவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பென்ஷனில் இருந்த நாங்கள் எல்லாரும் 2016 வரை 'கான்ட்ராக்டட் அவுட்'. அதாவது என்.ஐ.யைக் குறைவாகக் கட்டினோம், அதற்குப் பதில் வேலை பென்ஷன். 2016க்கு முன்பே எனக்கு 30 வருடத்துக்கு மேல் இருந்தது, பழைய முறையில் அதற்கு மேல் எத்தனை சேர்த்தாலும் ஏறாது. ஏறக்கூடியது 2016க்குப் பிறகான வருடங்கள்தான். எனக்கு வேலை விட்ட பின் வந்த இடைவெளிகள் அங்கே சும்மா கிடந்தன, நான் போய் அடைத்தது வேறு ஓட்டையை. கேட்காமல் கட்டியது என் மடத்தனம். பிறகு அரசின் பியூச்சர் பென்ஷன் சென்டருக்குப் போன் போட்டேன். எந்த வருடத்தைக் கட்டினால் எவ்வளவு ஏறும் என்று சொன்னார்கள், அதைக் கட்டினேன், ஏறியது. கட்டுவதற்கு முன் அந்தப் போன். காத்திருக்க வைப்பார்கள், ஒரு தேத்தண்ணி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

35 வருடம் இருந்தால் முழுத்தொகை என்று பேசுவதும் அரைகுறைதான். எனக்கு அதற்கு மேலேயே இருந்தும் முழுத்தொகை வரவில்லை.

கொங்குக்காரன் | ஜனவரி 13, காலை 5.20

வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். 2013 முதல் 2021 வரை ரெடிங்கில் ஐ.டி. வேலை. எட்டு வருடம் இருக்கும் என்று நினைத்தால் ஏழுதான் காட்டுகிறது. பத்து வருடம் இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாதாமே? கட்டினதெல்லாம் போச்சா?

பழைய_கணக்கன் | ஜனவரி 13, காலை 9.45

முதல் வருடம் கம்பெனி அனுப்பி ஆன்சைட் வந்தீர்களா? வெளிநாட்டு முதலாளி அனுப்பி வைக்கிறவர்களுக்கு முதல் 52 வாரம் என்.ஐ. கிடையாது. பிடிக்கவில்லை என்று அப்போது சந்தோஷப்பட்டிருப்பீர்கள், அந்த எட்டாவது வருடம் அதுவாகத்தான் இருக்கும். (2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தோடு பேசிய ஏற்பாட்டில் இந்த விலக்கு ஒரு வருடத்தைவிட நீளும். இனி அப்படி வரும் பிள்ளைகளுக்கு இங்கே வருடமே சேராது.)

பத்துக்குக் கீழே என்றால் பூஜ்யம், உண்மைதான். கட்டியதும் திரும்ப வராது. ஆனால் உங்களுக்கு ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது, 2026 ஏப்ரல் 5 வரை. இங்கே வேலை செய்துவிட்டு வெளிநாடு போய் அங்கேயும் வேலை செய்கிறவர், மூன்று வருடம் இங்கே கட்டியிருந்தால் கிளாஸ் 2 என்ற மலிவான வகையில் கட்டலாம். 2025-26இல் வாரம் 3.50, வருடத்துக்கு 182 பவுண்ட். கிளாஸ் 3இல் ஐந்தில் ஒரு பங்கு. இதைத்தான் 2025 நவம்பர் பட்ஜெட்டில் வெட்டிவிட்டார்கள். 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டிலிருந்து கிளாஸ் 2 கிடையாது, கிளாஸ் 3 மட்டும், அதற்கும் பத்து வருடம் இங்கே இருந்திருக்கவோ கட்டியிருக்கவோ வேண்டும். ஏழு வருடக்காரரான உங்களுக்கு அது உதவாது.

2022-23, 2023-24, 2024-25. மூன்றும் சேர்த்து ஏறத்தாழ 540 பவுண்ட். பத்து ஆகிவிடும். பத்துக்கு இன்றைய கணக்கில் வாரம் 65.79. சி.எஃப்.83 படிவத்தை இன்றைக்கே அனுப்புங்கள்.

கொங்குக்காரன் | ஜனவரி 13, காலை 10.02

540 கட்டி வருடம் 3,400க்கு மேல்! ஐயா, நம்ப முடியலைங்க. ஏதாவது வில்லங்கம் இருக்குமே?

டூட்டிங்_தேவி | ஜனவரி 13, மதியம் 1.15

இருக்கிறது தம்பி. இந்தியாவில் இருந்து வாங்கினால் பென்ஷன் உறைந்துவிடும். முதல் நாள் என்ன தொகையோ சாகும்வரை அதுதான். இலங்கைக்கும் அப்படியே.

என் அப்பா 2010இல் பென்ஷன் தொடங்கிய கையோடு வல்வெட்டித்துறைக்குப் போய்விட்டார். அப்போது பழைய முறையில் முழு அடிப்படைப் பென்ஷன் வாரம் 97.65. இன்றைக்கும் அவருக்கு 97.65தான். அவரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்று இங்கேயே இருக்கும் அவருடைய சிநேகிதருக்கு 2025-26இல் 176.45. இருவரும் கட்டியது ஒரே காசு. அமெரிக்கா போயிருந்தால் கூட்டித் தருவார்களாம், பிலிப்பைன்ஸ் போயிருந்தாலும் தருவார்களாம். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இல்லை, அதில் மட்டும் எங்களுக்கு வெள்ளைக்காரர் துணை.

ஈஸ்ட்ஹாம்_ரவி | ஜனவரி 13, மதியம் 1.40

இது பச்சை அநியாயம், யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லையா?

டூட்டிங்_தேவி | ஜனவரி 13, மதியம் 2.05

போனார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த கார்சன் என்ற அம்மா 2005இல் பிரபுக்கள் சபை (இங்கே அப்போதைய உச்ச நீதிமன்றம்) வரை போய்த் தோற்றார். 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோல்வி. ஊருக்குப் போவது என்றால் இதையும் கணக்கில் வைத்துப் போங்கள். திரும்பி வந்து இங்கேயே குடியிருந்தால் இன்றைய தொகைக்கு ஏற்றுவார்கள். ஆனால் அப்பாவைத் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுக் கிளப்ப என்னால் முடியாது.

பெற்றோல்செட்_இரவுக்காரன் | ஜனவரி 14, நள்ளிரவு 1.30

இரவு வேலையில் இருந்து வாசிக்கிறேன். நீங்கள் எல்லாரும் வருடத்தை நிரப்புவது பற்றிப் பேசுகிறீர்கள். 2008இல் வந்தேன். அகதிக் கேஸ் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை, ஐந்து வருடம். அந்த வருடங்களுக்கு யாரும் வரவு தர மாட்டார்கள். பேப்பர் கிடைத்த பிறகும் மூன்று வருடம் ஒரு கடையில் கையில் காசு வாங்கினேன். அப்போது அது பெரிய காசாகத் தெரிந்தது. பிறகு ஒரு இடத்தில் பேஸ்லிப் தந்து என்.ஐ. பிடித்தார்கள், இப்போது ஆப்பில் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் வெறுமை. முதலாளி கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். இதற்கு என்ன செய்வது?

பழைய_கணக்கன் | ஜனவரி 14, காலை 8.50

தம்பி, கையில் வாங்கிய காசுக்கு வழி இல்லை. பேஸ்லிப் இருக்கிற இரண்டு வருடம் உங்களுடையது. உங்களிடம் பிடித்ததை முதலாளி கட்டாமல் விட்டால், அதில் உங்கள் சம்மதமோ கவனக்குறைவோ இல்லை என்றால், கட்டியதாகவே எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. பேஸ்லிப், பி60 (வருடக் கடைசியில் முதலாளி தரும் சம்பளச் சான்று), சம்பளம் பேங்கில் விழுந்த ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்து எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்புங்கள். மூலத்தை அனுப்பாதீர்கள். உங்களுக்கு வயது இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

பெற்றோல்செட்_இரவுக்காரன் | ஜனவரி 14, காலை 9.15

பேஸ்லிப் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது ஐயா. மனைவி எறியச் சொன்னாள். நல்லவேளை.

இல்ஃபோர்ட்_மினிகேப் | ஜனவரி 14, இரவு 11.00

சொந்தத் தொழில்காரர்கள் பற்றி யாரும் பேசவில்லையே. என் அக்கவுண்டன்ட் செலவெல்லாம் எழுதி 2024-25 லாபத்தை 6,200க்குக் கொண்டுவந்துவிட்டார், வரியே இல்லை. கெட்டிக்காரர் என்று அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பழைய_கணக்கன் | ஜனவரி 15, காலை 9.00

பிரியாணியைத் திருப்பிக் கேளுங்கள். அந்த வருடம் லாபம் 6,725 இருந்திருந்தால் கிளாஸ் 2 கட்டாமலே கட்டியதாக ஏறியிருக்கும். அதற்குக் கீழே போனதால் வருடம் காலி. இந்த 31ஆம் தேதிக்குள் போடப்போகிற வரி ரிட்டர்னில் கிளாஸ் 2ஐ விருப்பத்தின் பேரில் கட்டுவதாகக் காட்டச் சொல்லுங்கள். 179 பவுண்ட் 40 பென்ஸ். கிளாஸ் 3 என்றால் அதே வருடத்துக்கு 907. அக்கவுண்டன்ட் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

கவிதா_ஸ்லவ் | ஜனவரி 15, மாலை 4.30

மலர் அக்காவின் கதையைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. எனக்கு மூன்று வயதுக் குழந்தை, வேலைக்குப் போகவில்லை. கணவருக்கு 85,000 சம்பளம். 80,000 தாண்டினால் சைல்ட் பெனிபிட் முழுவதையும் வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதால் விண்ணப்பிக்கவே இல்லை.

பழைய_கணக்கன் | ஜனவரி 15, மாலை 6.10

விண்ணப்பியுங்கள் அம்மா, காசு வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு. காசு வராது, வரியும் வராது, என்.ஐ. வரவு உங்கள் பெயரில் ஏறும். உங்கள் பெயரில், கணவர் பெயரில் அல்ல!

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் விசாவில் 'பொது நிதி கிடையாது' என்று இருந்தால் சைல்ட் பெனிபிட் பக்கமே போகாதீர்கள், அது பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது, விசாவுக்கே சிக்கல். ஸ்டேட் பென்ஷன் அந்தப் பட்டியலில் இல்லை, வேலைக்குப் போய்ச் சேர்க்கிற வருடம் எந்த விசாவிலும் சேரும்.

கவிதா_ஸ்லவ் | ஜனவரி 15, மாலை 6.25

ஐ.எல்.ஆர். (இங்கே நிரந்தரமாக இருக்கும் அனுமதி) போன வருடமே வந்துவிட்டது சார். இன்று இரவே போடுகிறேன்.

டூட்டிங்_தேவி | ஜனவரி 15, இரவு 8.00

கவிதா வேலைக்குப் போகத் தொடங்கினால் இன்னொன்றும் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மா இங்கேயே குடியிருப்பவர், பென்ஷன் வயது ஆகாதவர் என்றால், வேலைக்குப் போகிற தாய்க்கு வேண்டாத அந்த வரவை அம்மம்மாவுக்கு மாற்றலாம். சி.ஏ.9176 படிவம். 2011இலிருந்து இருக்கிறது. என் அக்கா இப்படி நாலு வருடம் எடுத்தாள். பேரன் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறான் என்று வீட்டில் பகிடி.

கொங்குக்காரன் | பிப்ரவரி 9, காலை 6.00

படிவம் அனுப்பியாச்சுங்க. பழைய மேனேஜரிடம் சொன்னால் "அந்த ஊர்ப் பென்ஷனா, நமக்கா?" என்று சிரிக்கிறார். அவருக்கு ஆறு வருடம் இருக்கிறது. நாலு வருடம் கட்டச் சொல்லி இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

மலர்_குரொய்டன் | பிப்ரவரி 21, இரவு 10.15

கணக்கன் ஐயா, சி.எஃப்.411 இன்று தபாலில் போட்டாயிற்று. 2021-22க்குக் கட்டலாமா என்று போன் போட்டும் கேட்டேன், ஏறும் என்றார்கள், அடுத்த மாதச் சம்பளத்தில் கட்டுவேன். படிவத்துக்கு மகள்தான் விவரம் எல்லாம் தேடி எடுத்தாள். அவருடைய கையெழுத்துக்குத்தான் மூன்று நாள் போயிற்று. கடையில் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே கையெழுத்துப் போட்டால் என்னுடைய பென்ஷன் குறையுமோ?"

குறையாது என்றேன்.

"அப்போ இவ்வளவு நாளும் இது சும்மாவா கிடந்தது?"

ஓம் என்றேன். போட்டுத் தந்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, என்னை எப்போதிலிருந்து பேரோலில் போட்டிருக்கலாம் என்று தானாகவே கேட்டார். 1998 என்று சொன்னேன்.